செல்லப்பிராணிக்கு எந்த உணவு?

நமக்கு ஓர் உணவு பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். வேறு கடைக்குப் போவோம். பொட்டலத்தைத் திருப்பி, அதில் என்னென்ன கலந்திருக்கின்றன என்று படித்துப் பார்ப்போம். வீட்டில் வளரும் பூனைக்கும் நாய்க்கும் இந்த வசதி எதுவும் இல்லை. நாம் தட்டில் எதை வைக்கிறோமோ அதைத்தான் அவை உண்ணும். பெரும்பாலான செல்லப்பிராணிகள் ஒரே வகை உணவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து உண்கின்றன. ஆகவே, அந்த உணவில் சிறு குறை இருந்தாலும் அது நாள்தோறும் சேர்ந்து பெருங்குறையாகிவிடும்.

முற்காலத்தில் வீட்டில் மிஞ்சியதே நாய்க்கும் பூனைக்கும் உணவாக இருந்தது. 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இலண்டனில் நாய்களுக்கென்று ரொட்டி தயாரித்து விற்கத் தொடங்கினார். கப்பல் மாலுமிகள் உண்ட கெட்டி ரொட்டியைப் போன்றது அது. இன்றோ பேரங்காடியில் செல்லப்பிராணி உணவுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. உலர் உணவு, டின் உணவு, பிழிந்து ஊட்டும் பசை, மெல்லும் குச்சி, பிஸ்கட் எனப் பல வகைகள் வண்ணப் படங்களுடன் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எதை எடுப்பது? விலை மிகுந்ததா, மலிவானதா, படம் அழகாக இருப்பதா?

இந்தக் கேள்விக்கு விடை காண்பது நம் கடமையும் ஆகும். மலேசியாவின் விலங்குநலச் சட்டம் 2015, விலங்கை வளர்ப்பவர் அதற்கு ஏற்ற உணவைத் தரவேண்டும் என்று கூறுகிறது. 'உணவு' என்று மட்டும் கூறாமல் 'ஏற்ற உணவு' என்று கூறுவதைக் கவனியுங்கள். வயிற்றை நிரப்பும் உணவு எல்லாம் ஏற்ற உணவு ஆகிவிடாது.

பூனைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று

பூனையும் நாயும் ஒரே வீட்டில் வளரலாம். ஆனால், அவற்றின் உடல் ஒரே மாதிரி இயங்குவதில்லை. நாய் இறைச்சியையும் உண்ணும்; சோறு, காய்கறி போன்றவற்றையும் ஓரளவு செரிக்கும். பூனை அப்படியன்று. அது கட்டாய ஊனுண்ணி. அதற்குத் தேவையான சில சத்துகள் விலங்கு உணவில்தான் இயற்கையாகக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, மனித உடல் கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையின் உடலால் அப்படி மாற்ற இயலாது. அதற்கு வைட்டமின் ஏ நேரடியாகவே வேண்டும்.

மற்றொரு சத்து டாரின். இது இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. நாயின் உடல் பொதுவாக இதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு உருவாக்குவதில்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும் என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. அதன் பின்னரும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. கடையில் வாங்கிய உணவையே உண்டு வளர்ந்த பூனைகள் சிலவற்றுக்கு இதயத் தசை தளர்ந்து, இதயம் வீங்கியது. அவை இறந்தும் போயின. 1987-ஆம் ஆண்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கான காரணத்தைக் கண்டறிந்தனர். அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அதன் பிறகு உணவு நிறுவனங்கள் பூனை உணவில் டாரினின் அளவை உயர்த்தின.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் அறிந்துகொள்ளலாம். முதலாவது, பூனைக்கு நாய் உணவைத் தொடர்ந்து கொடுக்கக்கூடாது. நாய் உணவில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது, நம் நாட்டில் பலர் செய்வதைப் போல, வேகவைத்த மீனையும் சோற்றையும் மட்டும் பிசைந்து கொடுப்பது போதாது. டாரின் நீரில் கரையும். வேகவைத்த நீரைக் கொட்டும்போது அதில் ஒரு பகுதியும் போய்விடும். எலும்பு நீக்கிய மீனிலும் இறைச்சியிலும் கால்சியமும் மிகக் குறைவு. எப்போதாவது கொடுக்கும் கெம்போங் மீன் பூனைக்கு விருந்தாகலாம். அதுவே அன்றாட உணவாகக்கூடாது. மூன்றாவது, தயிர்ச்சோற்றை மட்டும் உண்டு பூனை நலமாக வாழ இயலாது. சைவ உணவு உண்ணும் குடும்பங்களுக்கு இது சங்கடமான செய்திதான். வீட்டில் இறைச்சி உணவை வைத்திருக்க விரும்பாதவர்கள் பூனையை வாங்கிவிட்டு அதன் உணவை மாற்ற முயல்வதைவிட, முயல் போன்ற தாவர உண்ணியைத் தேர்ந்தெடுப்பது இருவருக்கும் நல்லது.

முயலுக்கும் அதற்கே உரிய தேவைகள் உண்டு. கதைப்புத்தகங்களில் முயல் எப்போதும் கேரட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். உண்மையில் கேரட்டில் சர்க்கரை மிகுதி. முயலுக்கு அது மிட்டாய் போன்றது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார்ச்சத்து மிக்க உலர்ந்த புல்லை நாள் முழுவதும் மென்றால்தான் அப்பற்கள் தேயும். குடலும் ஒழுங்காக இயங்கும். கிளிக்கு விதைகளை மட்டும் கொடுத்தால் கொழுப்பு மிகும்; வைட்டமின் ஏ குறையும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ பறவைகளுக்கு நஞ்சு. மீன்தொட்டியில் உணவை அள்ளிக் கொட்டினால், உண்ணாமல் எஞ்சியது அழுகி அம்மோனியாவாக மாறும்; மீன்கள் வாழும் நீரே கெட்டுவிடும். ஆகவே, ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே அது என்ன உண்ணும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரத்துக்கு உரியது. நமக்குத் தேவையான தகவல் பெரும்பாலும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் முதலில் தேடவேண்டியது, அவ்வுணவு 'முழுமையானது, சமச்சீரானது' என்ற குறிப்பு. அதாவது, அதை மட்டுமே உண்டாலும் பிராணிக்கு வேண்டிய சத்துகள் கிடைக்கும் என்று பொருள். 'துணை உணவு' அல்லது 'தின்பண்டம்' என்று எழுதியிருந்தால் அது முதன்மை உணவுக்கு மாற்றாகாது. டின்னில் வரும் சில பூனை உணவுகளும் துணை உணவுகளே. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்து, எந்தப் பருவத்துக்கு உரிய உணவு என்று பார்க்கவேண்டும். வளரும் குட்டிக்கும் முதிர்ந்த பிராணிக்கும் தேவை ஒன்றாக இராது. குட்டிக்கு ஆற்றலும் புரதமும் மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது, சேர்மானப் பட்டியல். பொதுவாக இப்பட்டியலில் எடை மிகுந்த பொருள் முதலில் வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சேர்க்கும்போது இருந்த எடையே கணக்கில் கொள்ளப்படுகிறது. பச்சைக் கோழி இறைச்சியில் பெரும்பகுதி நீர். எனவே, முதலிடத்தில் 'கோழி' இருந்தாலும், நீர் வற்றிய பின் இரண்டாம் இடத்தில் உள்ள சோளமே அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். அதேபோல, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் சேர்ந்திருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவை சத்து நிறைந்தவை. காட்டில் வேட்டையாடும் விலங்குகளும் அவற்றை உண்கின்றன.

பெயரிலும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் விதிப்படி, 'நாய்க்கான மாட்டிறைச்சி' என்று பெயர் இருந்தால், தயாரிப்பில் சேர்த்த நீர் நீங்கலாக 95 விழுக்காடு மாட்டிறைச்சி இருக்கவேண்டும். 'மாட்டிறைச்சி விருந்து' என்றால் 25 விழுக்காடு போதும். 'மாட்டிறைச்சியுடன்' என்றால் 3 விழுக்காடு போதும். 'மாட்டிறைச்சிச் சுவை' என்றால் அளவு எதுவும் இல்லை. சுவை தெரிந்தால் போதும். ஒரே ஒரு சொல் மாறும்போது 95 எப்படி 3 ஆகிறது என்பதைப் பாருங்கள்! 'பிரீமியம்' என்ற சொல்லுக்கோ அந்நாட்டு விதிகளில் வரையறையே இல்லை. யார் வேண்டுமானாலும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம்.

நான்காவது, சத்துகளின் அளவு. உலர் உணவுப் பொட்டலம் ஒன்றில் புரதம் 32 விழுக்காடு, ஈரப்பதம் 10 விழுக்காடு என்றும், டின் உணவு ஒன்றில் புரதம் 10 விழுக்காடு, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். எதில் புரதம் மிகுதி? உடனே 32 என்று சொல்லத் தோன்றும். ஆனால், முதலில் நீரைக் கழிக்கவேண்டும். உலர் உணவில் நீர் போக எஞ்சுவது 90 பங்கு. அதில் புரதம் 32. அதாவது ஏறத்தாழ 36 விழுக்காடு. டின் உணவில் எஞ்சுவது 20 பங்கு. அதில் புரதம் 10. அதாவது 50 விழுக்காடு. கணிதப் பாடத்தில் கற்ற விழுக்காடு இங்கே கைகொடுக்கிறது.

விலையையும் இப்படியே கணக்கிடலாம். ஒரு கிலோ 12 ரிங்கிட் விலையுள்ள உணவைப் பூனை நாளொன்றுக்கு 80 கிராம் உண்ணவேண்டும் என்றால், ஒரு நாள் செலவு 96 சென். ஒரு கிலோ 18 ரிங்கிட் விலையுள்ள உணவு செறிவானதாக இருந்து, 50 கிராம் போதும் என்றால், ஒரு நாள் செலவு 90 சென். பொட்டலத்தில் உள்ள நாளொன்றுக்கான அளவைப் பார்க்காமல் மலிவு எது, விலை மிகுந்தது எது என்று முடிவு செய்யக்கூடாது.

எண்களும் ஏமாற்றலாம்

பொட்டலத்தில் எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பலாமா? 2007-ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு இதற்கு விடை கூறும். அவ்வாண்டு மார்ச் மாதம், வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. கனடாவைச் சேர்ந்த ஓர் உணவு நிறுவனம், பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தன் உணவுகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அவ்வாறு மீட்டுக்கொள்ளப்பட்ட டின்களும் பைகளும் 6 கோடியைத் தாண்டின.

காரணம் என்ன? சீனாவிலிருந்து வாங்கப்பட்ட கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. நெகிழித் தட்டுகள் செய்யப் பயன்படும் பொருள் அது. அதை ஏன் உணவில் கலந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உணவில் புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை, புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனவே, கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைனைச் சேர்த்தால், சோதனையில் நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதம் இருப்பதாகக் காட்டும். மலிவான மாவு, விலை மிகுந்த புரதமாக வேடமிட்டது. மெலமைனுடன் சயனூரிக் அமிலமும் சேர்ந்து, பிராணிகளின் சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்து அடைத்துக்கொண்டது.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2004-இல், ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இதே போலச் சிறுநீரக நோயால் இறந்திருந்தன. அப்போது பூஞ்சை நஞ்சே காரணம் என்று கருதப்பட்டது. 2007-க்குப் பிறகு, பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை மீண்டும் ஆராய்ந்தபோது அவற்றிலும் அதே படிகங்கள் காணப்பட்டன. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவிலும் மெலமைன் கலக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். பிராணிகளின் தட்டில் முதலில் தெரிந்த ஆபத்து, பின்னர்க் குழந்தைகளின் பால்புட்டிக்கும் வந்து சேர்ந்தது.

இத்தகைய மோசடியை வீட்டிலிருந்தபடி நம்மால் கண்டுபிடிக்க இயலாது. ஆனால், சேதத்தைக் குறைக்க இயலும். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் தெளிவாக உள்ள உணவையே வாங்கவேண்டும். உணவு தீரும்வரை பொட்டலத்தை எறியாமல் வைத்திருக்கவேண்டும். அதிலுள்ள தொகுதி எண் இருந்தால்தான், உணவு மீட்பு அறிவிப்பு வரும்போது நம் வீட்டில் இருப்பது அதுதானா என்று அறியமுடியும். வழக்கமாக விரும்பி உண்ணும் உணவைப் பிராணி திடீரென்று மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, அளவுக்கு மீறி நீர் குடித்தாலோ உணவை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். 'அடம் பிடிக்கிறது' என்று எண்ணி வற்புறுத்தக்கூடாது.

தின்பண்டம் எவ்வளவு கொடுக்கலாம்?

பூனைக்குட்டி காலைச் சுற்றிவரும்போதும் நாய் வாலாட்டிக்கொண்டு முகத்தைப் பார்க்கும்போதும் ஏதாவது கொடுக்கத் தோன்றுவது இயல்பு. பயிற்சி அளிக்கும்போதும் தின்பண்டம் உதவுகிறது. ஆனால், 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது பிராணிகளுக்கும் பொருந்தும். ஒரு நாளில் பிராணிக்குத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருக்கக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் அளவு.

நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப்பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு 20 கலோரி. நாம் ரொட்டியில் வைத்து உண்ணும் ஒரு துண்டு சீஸில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கும். அதை முழுமையாகக் கொடுத்தால், பூனையின் ஒரு நாள் தேவையில் பத்தில் மூன்று பங்கை ஒரே வாயில் கொடுத்துவிட்டோம் என்று பொருள். 2,000 கலோரி தேவைப்படும் ஒரு மனிதருக்கு அது 600 கலோரிக்கு, அதாவது ஒரு முழு வேளை உணவுக்கு நிகர். நமக்குச் சிறு துண்டாகத் தெரிவது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு.

தின்பண்டத்தின் தரமும் முக்கியம். 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு, உலர்த்திய கோழி இறைச்சித் தின்பண்டங்களை உண்டு நோயுற்ற நாய்களைப் பற்றிப் புகார்கள் வந்தன. 2014-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அதற்குத் தெரிவிக்கப்பட்டது. நீண்ட ஆய்வுக்குப் பின்னும் அதற்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தின்பண்டம் தானே என்று அலட்சியமாக வாங்காமல், அதன் பொட்டலத்தையும் முதன்மை உணவைப் போலவே படித்துப் பார்க்கவேண்டும். பயிற்சிக்குத் தனித் தின்பண்டம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. அன்றைய உலர் உணவில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பரிசளித்தாலும் நாய் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்ளும்.

நம் தட்டில் உள்ள ஆபத்து

திருநாள் காலத்தில் வீட்டில் பலகாரம் நிறைந்திருக்கும். விருந்தினர் அன்பு மிகுதியால் நாய்க்கும் ஒரு வாய் கொடுப்பார்கள். அவற்றுள் சில உயிருக்கே ஆபத்தானவை.

• திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை இருப்பதை நினைவில் கொள்ளவேண்டும்.
• வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இவை மேலும் கொடியவை. சமைத்தாலும் இந்தத் தன்மை போகாது. எனவே மீன் குழம்பும் சம்பலும் பிசைந்த சோறு பிராணிக்கு ஆகாது.
• சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். சாக்லெட்டின் கருமை கூடக் கூட ஆபத்தும் கூடும்.
• சர்க்கரை இல்லாத மெல்லும் மிட்டாயில் சைலிடால் இருக்கலாம். அது நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திற்குள்ளேயே ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும்.
• வேகவைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கலாம்.
• வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு ஏற்படும்.

இவற்றில் ஒன்றைப் பிராணி உண்டுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கக்கூடாது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. எதை, எவ்வளவு, எப்போது உண்டது என்பதைக் குறித்துக்கொண்டு, உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும்

நல்ல உணவை வாங்கினாலும், நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவில் கெடுத்துவிடும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து, அது உருவாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. அஃப்லாடாக்சின் எனப்படும் அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சாதாரணமாகச் சமைக்கும் சூட்டில் அது முழுமையாக அழிவதில்லை. கடலை, சோளம் போன்றவை ஈரத்தில் கிடந்தால் இப்பூஞ்சை இன்றும் வளரும். சோளம் பல உலர் உணவுகளில் சேர்க்கப்படுகிறது.

எனவே, ஏறத்தாழ ஒரு மாதத்தில் தீரக்கூடிய அளவுள்ள பொட்டலத்தை வாங்குவது நல்லது. உணவை அதன் மூலப் பையிலேயே வைத்து, அந்தப் பையை இறுக மூடும் கலத்துக்குள் வைக்கவேண்டும். பூசண வாடை வீசினாலோ, நிறம் மாறினாலோ, ஈரமாக இருந்தாலோ கொட்டிவிட வேண்டும். 'வீணாகிறதே' என்று எண்ணக்கூடாது. திறந்த டின் உணவை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும். தட்டில் எஞ்சிய ஈர உணவை நீண்ட நேரம் விட்டுவைக்கக்கூடாது. எறும்பு ஏறாமலிருக்க, உணவுத் தட்டை நீர் ஊற்றிய அகலமான தட்டின் நடுவே வைக்கலாம். அதன் அருகில் பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது. பச்சை இறைச்சியிலும் சில தின்பண்டங்களிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது மனிதருக்கும் நோயை உண்டாக்கும். பிராணிக்கு உணவளித்தபின் கைகளைச் சோப்பால் கழுவவேண்டும்.

சில கடைகளில், பெரிய மூட்டையிலிருந்து உலர் உணவை அள்ளிச் சாதாரண நெகிழிப் பைகளில் கட்டி, மலிவாக விற்கிறார்கள். அந்தப் பையில் சேர்மானப் பட்டியல் இல்லை. காலாவதி நாள் இல்லை. தொகுதி எண்ணும் இல்லை. மூட்டை எப்போது திறக்கப்பட்டது என்பதையும் அறிய வழியில்லை. பணம் குறைவாக இருந்தால், இவ்வாறு கட்டி விற்கும் உணவைவிட, முத்திரை உடையாத சிறிய பொட்டலத்தை வாங்குவதே பாதுகாப்பானது.

புதிய உணவுக்கு மாறும்போது அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள் பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலக்கலாம். பிறகு பாதி, பிறகு முக்கால் என்று உயர்த்தி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுமையாக மாற்றலாம். 'பசித்தால் தானாக உண்ணும்' என்று பூனையைப் பட்டினி போடுவது ஆபத்து. சில நாள்கள் உண்ணாமல் இருந்தாலே பூனையின், குறிப்பாகப் பருத்த பூனையின், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது கடும் நோய்க்கு ஆளாகலாம்.

உணவு ஒத்துக்கொள்கிறதா என்பதைப் பிராணியின் உடலே காட்டிவிடும். மென்மையாகத் தடவும்போது விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால், அவை துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. மயிர் பளபளப்பாகவும் மலம் உருவத்தோடும் இருக்கவேண்டும். எடை கூடாமலும் குறையாமலும் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். பிராணியைக் கையில் ஏந்தியபடி எடைக்கருவியில் ஏறி, அதிலிருந்து உங்கள் எடையைக் கழித்தால் போதும். நோயுள்ள பிராணிக்கும் மிகவும் முதிர்ந்த பிராணிக்கும் எந்த உணவு ஏற்றது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் செல்லப்பிராணி இருந்தால், இன்று மாலை அதன் உணவுப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அது முழுமையான உணவா, துணை உணவா? எந்த வயதுக்கு உரியது? காலாவதி நாள் எப்போது? நாளொன்றுக்கு எத்தனை கிராம் கொடுக்கவேண்டும். நாம் கொடுப்பது எவ்வளவு? இவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால், வீட்டில் யார் உணவளித்தாலும் அளவு மாறாது. பிராணியால் படிக்க இயலாததை அதற்காக நாம் படிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.